வால் வந்துருச்சா?

எங்கள் கிளப்பில் சேர வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, எவ்வளவு ஸ்பீடு போவீங்க?"

கேட்கிறவர் டியூக் வைத்திருந்தால், இந்த ஆட்கள் ரொம்ப உருட்டுவார்களோ என்ற சந்தேகம். அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தவர் என்றால், நம்மை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். முதலாமவருக்கு என் பதில் சுருக்கமானது. வேகம்தான் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது, அங்கே காசு கட்டி ஆசை தீர ஓட்டுங்கள். இரண்டாமவரின் பயம் அப்படித் தட்டிக்கழிக்கக்கூடியது இல்லை. ஒரு ரைடை ஏற்பாடு செய்கிறவன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே அதற்குத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். தனியாகப் போகிறீர்கள், முன்னால் ஒரு கரும்பு லாரி. எதிரே வளைவு. என்ன செய்வீர்கள்? சலித்துக்கொண்டே லாரிக்குப் பின்னால் போவீர்கள். ரோடு நேரானதும் தாண்டுவீர்கள். அதே ஆள், அதே வண்டி, அதே லாரி. ஆனால் முன்னால் போன ஆறு பேரும் லாரியைத் தாண்டிக் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள் என்று வையுங்கள். இப்போது கை தானாக முறுக்கும். வளைவு பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். இருபது வருடம் ஒழுங்காக வண்டி ஓட்டியவர்கள்கூட கூட்டத்தில் போகும்போது இந்த வேலையைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்டிப் பயனில்லை. பின்தங்கினால் தொலைந்துவிடுவோம் என்று அவர்கள் நினைக்கும்படி ரைடை நடத்தியது யார்?

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 44 சதவீதத்துக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருடம் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம்முடையது. இந்தக் கணக்குக்கு நடுவில்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாலியாகக் கிளம்புகிறோம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. "ஒண்ணும் ஆவாது ஜி" என்று யாராவது தோளைத் தட்டும்போது எனக்கு இந்த எண் ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

சரி, கூட்டத்தின் அளவிலிருந்து தொடங்குவோம். இருபது பேர் பெயர் கொடுத்தால் இருபது வண்டியும் ஒன்றாகப் போக வேண்டும் என்பது ரீல்ஸ் ஆசை. ட்ரோன் ஷாட்டில் நன்றாகத்தான் இருக்கும். தரையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்பதில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. நெடுஞ்சாலையில் நாம் போவது மாற்றி மாற்றி: முன்னால் வழிநடத்தும் லீடு லேனின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம், மூன்றாமவர் மறுபடி வலப்பக்கம். பக்கத்து வரிசைக்காரருக்கும் நமக்கும் ஒரு நொடி இடைவெளி, நேர் முன்னால் போகிறவருக்கும் நமக்கும் இரண்டு நொடி. இப்படி இருபது வண்டி போனால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடையே 400 மீட்டருக்கு மேல். இதை ஒரு டவுன் பஸ் எப்படித் தாண்டும்? தாண்டி ஸ்டாப்பில் ஒதுங்குவது எப்படி? அவர் பொறுமை இழந்து நடுவில் நுழைவார், நம்மாள் ஒருவர் ஹாரன் அடிப்பார், சண்டை வரும்.

அதனால் ஆறு ஏழு பேராகப் பிரித்துவிடுகிறோம். அமெரிக்காவின் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் பரிந்துரைப்பதும் ஐந்திலிருந்து ஏழு பேர்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் ஒரு லீடு, கடைசியில் ஒரு டெயில். பிரிவுகளுக்கு இடையே சில நிமிட இடைவெளி. டீக்கடையில் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம். "அப்ப சேர்ந்து போன மாதிரியே இருக்காதே அண்ணா" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. டீக்கடையில் இரண்டாவது கிளாஸ் வரும்போது மறந்துவிடுவார்கள்.

யார் எந்த இடத்தில் போவது என்பதில்தான் பல கிளப்புகளில் மனஸ்தாபம் வருகிறது. லீடாகப் போவது எல்லோருக்கும் பிடிக்கும். டெயில் என்றால் ஏதோ தண்டனை மாதிரி முகம் போகும். எங்கள் வழக்கம்: புதியவரும் சின்ன வண்டிக்காரரும் லீடுக்கு நேர் பின்னால். அங்கே இருந்தால் கண்ணாடியில் லீடுக்கு அவர் எப்போதும் தெரிவார், அவருடைய வேகமே கூட்டத்தின் வேகமாகிவிடும். பெரிய வண்டி, பழுத்த கை எல்லாம் பின்னால். இருப்பவர்களில் மிகத் திறமையானவர் கடைசியில்.

எங்கள் கிளப்பின் ஆகச் சிறந்த டெயில் ஓர் அக்கா. அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார், அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர். யார் எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஹை பீம் அடித்து விரட்ட மாட்டார், ஒட்டிக்கொண்டு வந்து பதற்றமும் கொடுக்க மாட்டார். பஞ்சர் ஒட்டும் செட், சின்ன ஏர் பம்ப், கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், முதலுதவிப் பை எல்லாம் அவருடைய சேடில் பேக்கில். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் போகும் வழியில் ஒரு தம்பியின் வண்டி நின்றுவிட்டது. எங்கள் பிரிவு அதைத் தெரிந்துகொண்டதே அடுத்த திருப்பத்தில்தான். நாங்கள் திரும்பிப் போய்ப் பார்த்தால் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி முடித்திருந்தார். தம்பி பிறகு சொன்னான்: "டீச்சர் வந்து நின்னதும் சொன்ன முதல் வார்த்தை, 'அவசரம் இல்ல, நான் இருக்கேன்'னு. எனக்குக் கை நடுக்கமே நின்னுடுச்சு." டெயிலின் வேலை என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். எங்கள் கிளப்பில் டெயிலில் வருகிறவர் டிபனுக்குக் காசு கொடுக்கக் கூடாது. டீச்சர் இரண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டாலும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

அடுத்து, வேகத்தடை. ஊருக்குள் நுழையும் இடத்தில் லீடு இருபதுக்கு இறக்கித் தடையை ஏறி இறங்கி, உடனே முறுக்கி எண்பதைத் தொட்டுவிட்டார். அவர் தொட்டு பதினைந்து நொடி கழித்து டெயில் எண்பதைத் தொட்டால் இடையே 330 மீட்டர் இருக்கும். அதை நூறில் போய்ப் பிடிக்க முழுதாக ஒரு நிமிடம் வேண்டும். லீடு "நான் எண்பதைத் தாண்டவே இல்லையே" என்று சத்தியம் செய்வார். உண்மைதான். பின்னால் இருப்பவர் மட்டும் ஒவ்வொரு ஊரிலும் நூறு அடித்திருப்பார். நம் வண்டிகளுக்கு இடையே ரயில் பெட்டி மாதிரி கொக்கி கிடையாது. முன்னால் கொஞ்சம் இழுத்தால் பின்னால் நிறைய இழுக்கும். அதனால் தடையைத் தாண்டியதும் லீடு நாற்பதிலேயே உருட்ட வேண்டும். கண்ணாடியில் கடைசி முகவிளக்கு தெரிகிற வரை முறுக்கக் கூடாது. இன்டர்காம் இருந்தால் ஒரு கேள்வி போதும்: "வால் வந்துருச்சா?" வந்துவிட்டது என்று பதில் வந்த பிறகு எண்பது.

ஆனால் இதெல்லாம் நேர் சாலைக்கு. திருப்பங்கள் நிறைய உள்ள பாதையில் எவ்வளவு கவனமாகப் போனாலும் கூட்டம் பிய்ந்துதான் போகும். அதற்கு ஒரு பழைய முறை உண்டு. பல நாட்டு கிளப்புகளிலும் இருக்கிறது, செலவே இல்லாதது. பாதை மாறும் ஒவ்வோர் இடத்திலும் லீடுக்கு அடுத்து வருகிறவர் இடப்பக்கம் பாதுகாப்பாக ஒதுங்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிற்பார். வருகிறவர்களுக்குக் கை காட்டுவார். டெயில் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் அடுத்தவர். முதல்முறை வந்தவரை மட்டும் இப்படி நிற்க வைப்பதில்லை. அவருக்குப் பின்னால் இருப்பவர் நிற்பார்.

இதன் அழகு என்னவென்றால், யாரும் யாரையும் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆள் நிற்காத இடத்தில் நேராகப் போக வேண்டும், ஆள் நிற்கும் இடத்தில் திரும்ப வேண்டும். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் கவலையில்லை, அடுத்த கூட்டுரோட்டில் உங்களுக்காக ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருப்பார். இதை முதல்முறை அனுபவித்தவர்கள் அதற்குப் பிறகு ஓட்டுகிற விதமே மாறிவிடுகிறது. தோள்பட்டை இறங்கும், வளைவில் வளைவைப் பார்ப்பார்கள்.

"கூகுள் மேப் இருக்கே, எதுக்கு ஆள நிறுத்தணும்?" என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். மேப் இருக்கிறது. ஹேண்டில்பாரில் வெயில் பட்டு போன் சூடாகி அணைந்துபோவதும் இருக்கிறது. மலையில் சிக்னல் இல்லாததும் இருக்கிறது. நான்கு நிமிடம் மிச்சம் என்று ஏதோ ஒரு களத்துமேட்டு வழியாகக் கூட்டிப்போய், நெல் காயப்போட்டிருப்பவரிடம் நாம் வழி கேட்பதும் இருக்கிறது.

ஏலகிரி ரைடை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் சென்னைக் கிளப்புகளுக்கு மலை ஏற முதல் பள்ளிக்கூடம் அதுதான். போக 230 கிலோமீட்டர் சுமார். சந்திக்கும் இடத்தை நகருக்குள் வைக்கக் கூடாது. தாம்பரத்துக்காரரும் திருவொற்றியூர்க்காரரும் கோயம்பேட்டில் கூடி ஒன்றாக ஊர்வலம் போவதில் அர்த்தமே இல்லை. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரு பங்க், காலை ஐந்தரை, டேங்க் ஃபுல். இங்கே வந்து பெட்ரோல் போடுகிறேன் என்பவருக்கு நாங்கள் காத்திருப்போம், ஆனால் அவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும்.

அங்கிருந்து வாலாஜா வரை சாலையை ஆறு வழியாக்குகிறேன் என்று வருடக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருந்தார்கள். அப்போதெல்லாம் டைவர்ஷனும் புழுதியும் நம்மைக் கேட்காமல் வரும். அங்கே எழுபதே அதிகம். சுங்கச்சாவடியில் நமக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத்தில் இரு சக்கர வாகனத்துக்கு ஒரு குறுகலான வழி. ஒவ்வொருவராகத்தான் போக முடியும். அதைத் தாண்டியதும் நின்று ஆள் எண்ணுகிற பழக்கத்தை விடுங்கள். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வேகம் எடுக்கிற இடம் அது. அரை கிலோமீட்டர் போய், அகலமான மண் ஓரம் பார்த்து ஒதுங்கலாம்.

நிறுத்தங்களைப் பெரிய டேங்க்கை வைத்துத் திட்டமிடக் கூடாது. கிளாசிக் 350-க்கு 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 35 என்று வைத்தாலும் 450 கிலோமீட்டர் போகும். கூட வருகிற ஆர்எக்ஸ் 100-க்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதைவிட முக்கியம், ஓட்டுகிறவரின் முதுகுக்கும் சிறுநீர்ப்பைக்கும் 450 தாங்காது. நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்றால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

திரும்பும்போது ஆம்பூர். இதைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். ஆம்பூரில் நிறுத்தாவிட்டால் அடுத்த ரைடுக்கு ஆள் வராது. நிறுத்தினால், மதியம் இரண்டு மணி வெயிலில், வயிறு நிறைய பிரியாணியோடு, வேலூர் தாண்டுவதற்குள் பாதிப் பேர் ஹெல்மெட்டுக்குள் கொட்டாவி விடுவார்கள். நாங்கள் கண்ட சமரசம்: சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் யாரும் சாவியைத் தொடக் கூடாது. நிழல் பார்த்து உட்கார வேண்டும், முடிந்தால் கண்ணயர வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு ஏழு மணிக்குப் பதில் எட்டு மணி ஆகும். ஆகட்டும்.

மலைக்கு வருகிறேன். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்தவை. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற 40. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற 70. இந்த வரிசையிலேயே கற்றுக்கொள்வது நல்லது. முதல் ரைடே கொல்லிமலை என்று போஸ்டர் அடிக்கிற கிளப்பைக் கண்டால் நான் விலகிப் போய்விடுவேன். மலை தொடங்கும் இடத்தில் மாற்றி மாற்றிப் போகிற வரிசை முடிந்தது. ஒருவர் பின் ஒருவர், இடைவெளி இரட்டிப்பு, நம் ஆளை நாமே தாண்டுவது கிடையாது. ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நின்று வழி விட வேண்டும் என்கிறது 2017-ன் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறை. அரசுப் பேருந்து வளைவில் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். அது அகந்தை இல்லை, அந்த நீளத்துக்கு வேறு வழியில்லை. கீழேயே நின்று அது திரும்பி முடியும் வரை பாருங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் கவனிக்க: 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும், ரைடுக்கு முந்தைய இரவு எல்லோரிடமும் அது இருக்கிறதா என்று கேளுங்கள். முதுமலை, பந்திப்பூர் வழி இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். பத்து நிமிடம் தாமதமானாலும் இரவைக் கேட்டுக்கு வெளியேதான் கழிக்க வேண்டும்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம் பிரீஃபிங். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை யாரும் படிப்பதில்லை. நேரில், இன்ஜினை அணைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். கை சைகை நான்கைந்து போதும்: குழி, நிறுத்தம், ஒற்றை வரிசை, பெட்ரோல், வேகம் குறை. முப்பது சைகை சொல்லிக்கொடுக்கும் கிளப்புகள் உண்டு, ஒன்றுகூட நடுரோட்டில் ஞாபகத்துக்கு வராது. பிறகு ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் ரத்த வகை, சர்க்கரை மாத்திரை போல ஏதாவது சாப்பிடுகிறார்களா, வீட்டில் யாருக்குச் சொல்வது என்று எழுதி ஜாக்கெட் இடப் பையில் வைக்க வேண்டும். போன் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கும், தாளுக்குப் பூட்டு இல்லை. கடைசியாக நான் கேட்பது, "நைட் எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" முகத்தைப் பார்த்துத்தான் பதிலை எடுத்துக்கொள்கிறேன்.

இதில் சங்கடமான பகுதி, "நீங்க இன்னைக்கு வர வேணாம்" என்று சொல்வது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் அக்கா பையன் ஒரு நாள் ரப்பர் செருப்போடு வந்து நின்றான். வண்டி புதுசு, ஹெல்மெட் ஐஎஸ்ஐ, கால் மட்டும் வெறும் கால் மாதிரி.

"தம்பி, ஷூ?"

"ஈசிஆர்ல இப்படித்தான் ஓட்டுவேன் ப்ரோ, ஒண்ணும் ஆனதில்ல."

"அடுத்த தடவை வாப்பா."

மாமாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பையன் அடுத்த ரைடுக்குக் கணுக்கால் மூடிய பூட்ஸ் போட்டு வந்தான், மாமாவுக்கு முன்னாலேயே. வழவழத்துப்போன டயர், தொப்பி மாதிரி அரை ஹெல்மெட், காது கிழியும் சைலன்சர், இவையும் அதே கதைதான். காலை ஆறு மணிக்கு ஒரு கிராமத்தின் வழியாகப் போகிறோம், வாசலில் ஒரு அம்மா குனிந்து கோலம் போடுகிறார். அவரைத் திடுக்கிட வைத்துவிட்டுப் போவது என்ன வீரம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும். சிக்னலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, மற்றவர்களைத் தடுத்து, தன் கூட்டத்தை மொத்தமாக அனுப்பிவிடும் "மார்ஷல்" வேலை. அந்த அதிகாரம் போலீஸுக்கு மட்டும்தான். சிவப்பு விழுந்து கூட்டம் இரண்டானால் ஆகட்டும், லீடு தாண்டிப் போய் ஓரம் கட்டிக் காத்திருந்தால் தீர்ந்தது.

விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதை நடப்பதற்கு முன்பே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் 108-க்கு அழைப்பார், கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைப் பார்த்துச் சொல்வார். இருவர் முன்னும் பின்னும் ஓடி வண்டிகளை மெதுவாக்குவார்கள். முதலுதவி தெரிந்தவர் மட்டும் அருகில் போவார். மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றக் கூடாது, கழுத்து எலும்பு அடிபட்டிருக்கலாம். மற்றவர்கள் சாலையை விட்டு இறங்கி நிற்பார்கள். யாரும் வீடியோ எடுக்க மாட்டார்கள். தெரியாத ஆளுக்கு உதவப் போனால் கேஸ் நம் மேல் வருமோ என்று தயங்காதீர்கள்: நல்லெண்ணத்தில் உதவுகிறவரைச் சட்டம் காக்கிறது, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்குள் விபத்தில் சிக்குகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, வரையறுத்த தொகை வரை, அரசு பார்த்துக்கொள்ளும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பக்கத்து மாநிலத்திலிருந்து வந்து சேரும் ரைடர்களுக்கு இது தெரிவதில்லை, சொல்லி வையுங்கள்.

பணம் பற்றிக் கேட்பார்கள். பெட்ரோல் அவரவர், சாப்பாடு பங்கு, டெயிலுக்கு இலவசம். அதற்கு மேல் கிளப்பில் காசு புழங்க ஆரம்பித்தால் ரைடு குறைந்து மீட்டிங் அதிகமாகிவிடும்.

நீங்களும் நண்பர்களைச் சேர்த்து ஒரு கிளப் தொடங்கும் யோசனையில் இருந்தால் ஒரு வேண்டுகோள். லோகோவும் டீ-ஷர்ட்டும் பிறகு செய்துகொள்ளலாம். முதலில், கடைசியில் வருவதற்குச் சம்மதிக்கிற நல்ல ரைடர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கும் வரை நாலு பேராக டீ குடிக்கப் போய்வந்தால் போதும்.